மொரப்பூர் – தர்மபுரி சின்ன ரயில்: எங்க தோட்டத்து மேடு அந்தப் பாதைதானா?

மேட்டுக்காட்டு செல்வி

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் நடுவுல இருக்கு. எங்க தோட்டத்து வடக்கு ஓரமா, கிழமேலா ஒரு மண் மேடு போகுது. இடுப்பு உயரம் இருக்கும், சில இடத்துல ஆள் உயரம். மேல முழுக்க வேலிக்காத்தான். ஆடு ஓட்டறவங்க அது மேலதான் நடப்பாங்க. ஊர்ல எல்லாரும் அதை "ரயில் மேடு"ன்னுதான் சொல்வாங்க. எங்க ஆயா இருந்தப்போ, "அந்தக் காலத்துல சின்ன ரயில் போச்சு, யுத்தத்துக்குத் தண்டவாளத்தப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க"ன்னு சொல்லும். நான் சின்னப் புள்ள, மேல கேட்டுக்கல.

இப்ப அண்ணன் ஜேசிபி வெச்சு மேட்டை நிரவிட்டு, குச்சிக்கிழங்கு போடலாம்னு பேசிட்டிருக்கு. மேட்டுல ஒரு இடத்துல ரெண்டு பக்கமும் கருங்கல் கட்டு இருக்கு, நடுவுல ஓடைத் தண்ணி போகும், மேல மூடி எதுவும் இல்ல. அந்தக் கல்லையும் எடுத்து மாட்டுக் கொட்டாய்க்குப் போட்டுக்கலாம்ங்குது.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. இது நிஜமாவே ரயில் போன பாதைதானா, எப்படிக் கண்டுபிடிக்கிறது? நிலம் எங்களுதா, ரயில்வேயுதா? அந்த ரயிலைப் பத்தித் தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கம்பைநல்லூர் பையன்

அக்கா, பழைய ஏரிக்கரையா இருக்கப் போகுது. நம்ம பக்கம் தூர்ந்து போன குட்டை, ஏரி எத்தனையோ இருக்கு. கரை மட்டும் மிஞ்சி நிக்கும். கல்லுக் கட்டுன்னா மதகா இருக்கலாம். ரயில் போனதுன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன், ஆனா எந்த வழியா போச்சுன்னு எங்க ஊர்ல யாருக்கும் தெரியல.

ஓய்வு கீமேன், தர்மபுரி

செல்வி கண்ணு, நான் ரயில்வேல கேங்மேனா இருந்து, கீமேனாகி, மேஸ்திரியா ரிட்டையர் ஆனவன். 1974 ஸ்ட்ரைக்குக்கு அடுத்த வருஷம் கேசுவல் கூலியா உள்ள போனேன். நீ கேக்கற சின்ன ரயில்ல நான் வேலை செஞ்சதில்ல, அது நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. ஆனா அந்தப் பாதையில வேலை செஞ்சவர்தான் எனக்குக் கடப்பாரை புடிக்கக் கத்துக் குடுத்தார். அவர் சொன்னதையும், நான் பாத்ததையும் எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல உன் கேள்வி. தம்பி ஏரிக்கரைன்னு சொல்றது நியாயமான சந்தேகம்தான், பாத்தா ரெண்டும் மண் மேடுதான். ஆனா ஏரிக்கரை வளைஞ்சு தண்ணியைக் கட்டிப் புடிக்கிற மாதிரி போகும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் வயல். ரயில் மேடு யாரையும் கட்டிப் புடிக்காது. நேராப் போகும். திரும்பணும்னா ரொம்ப தூரத்துக்கு ஒரே சீரா, மெதுவா திரும்பும். மாட்டு வண்டித் தடம் மாதிரி சடார்னு மடங்காது.

அடுத்தது, தரை எங்க தாழுதோ அங்க மேடு உசரும். தரை எங்க உசருதோ அங்க மேடு குறைஞ்சுட்டே வந்து காணாமப் போகும், அதுக்கப்புறம் அதுவே வெட்டாயிடும், ரெண்டு பக்கமும் தரை மேல நிக்க, பாதை பள்ளத்துல போகும். ரயிலுக்கு ஏத்த இறக்கம் ஆகாது, அதனாலதான் இந்த வேலை. மேட்டுக்கு மண்ணைப் பக்கத்துலயே எடுத்திருப்பாங்க. ரெண்டு பக்கமும் வரிசையா குழி குழியா இருக்கும், மழைக்காலத்துல தண்ணி நிக்கும். உன் மேட்டுக்கு ரெண்டு பக்கமும் அப்படி இருக்கான்னு பாரு. ஏரிக்கரைக்கு ரெண்டு பக்கமும் அப்படி வரிசைக் குழி இருக்காது.

மேட்டு மேல ஒரு அடி தோண்டிப் பாரு. தண்டவாளத்துக்கு அடியில கொட்டின சல்லி மிஞ்சியிருந்தா வரும். ஸ்டேஷன் இருந்த இடமா இருந்தா கரிச் சாம்பலும், எரிஞ்சு உருகின கட்டியும் வரும். அதை மண்வெட்டி தட்டற சத்தத்துலயே சொல்லிடலாம்.

கல்லுக் கட்டு விஷயம்தான் முக்கியம். ரெண்டு கட்டுக்கும் நடுவுல இருக்கற அகலத்தை அளக்காத, அது தண்ணிக்காக விட்டது. கட்டோட நீளத்தை அள, அதாவது மேட்டுக்குக் குறுக்க எவ்வளவு இருக்குன்னு. சின்ன ரயிலோட ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 2 அடி 6 அங்குலம்தான், 762 மில்லிமீட்டர். அதனால மேடும் குறுகலாத்தான் இருக்கும். கட்டுக்கு மேல ஓரமா பெரிய தளக்கல் இருக்கும், அதுல போல்ட்டு இறக்கின குழி இருக்கான்னு பாரு. இரும்பு உத்தரம் அது மேலதான் உக்காந்திருக்கும். இரும்பை எடுத்துட்டுப் போயிட்டாங்க, கல்லை யாரும் எடுக்கல.

இப்ப அந்த ரயில் கதை. தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்ப, 1876-78. சேலம் ஜில்லாவே அதுல செத்துப் பொழச்சுது. அப்ப தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம் ஜில்லாதான், தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல. மெட்ராஸ் ரயில்வேயோட பெரிய பாதை 1860கள்லயே மொரப்பூர் வழியா சேலத்துக்குப் போயிடுச்சு. ஆனா உள்ளூருக்குள்ள தானியம் கொண்டு வர வழி கிடையாது. அதுக்குத்தான் பஞ்ச நிவாரணக் கணக்குல ரெண்டு சின்னப் பாதை போட்டாங்க. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி 1905ல வந்துச்சு. மொரப்பூர் – தர்மபுரி 1906ல. அதை 1913ல ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. அதனால கண்ணு, அந்த மேடு சோத்துக்காகப் போட்ட மேடு. எனக்குக் கத்துக் குடுத்த எங்க மேஸ்திரி இதை அடிக்கடி சொல்வார்.

அவர் தர்மபுரிக்காரர். இருபது வயசுக்குள்ளயே சின்னப் பாதையில கலாசியா சேர்ந்தவர். பாதையைப் புடுங்கினப்புறம் மொரப்பூர்ல பெரிய பாதைக்கு மாத்திட்டாங்க. 1960கள்ல சேலம் – பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை (கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கற அகலம்) தர்மபுரி வழியா வந்ததும், சொந்த ஊருக்கு மாத்தல் கேட்டு வந்துட்டார். மூணு கேஜ்லயும் வேலை செஞ்ச மனுஷன். நான் சேர்ந்தப்போ அவருக்கு ரிட்டையர்மென்ட் நெருங்கிடுச்சு.

சின்னப் பாதைத் தண்டவாளம் அவ்வளவு லேசு, நாலு பேர் தோள்ல வெச்சுத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். எங்க மீட்டர் கேஜ் தண்டவாளம் மீட்டருக்கு 30 கிலோ, ஒரு துண்டு 350 கிலோவுக்கு மேல. எட்டுப் பத்துப் பேர் இடுக்கி போட்டுத் தூக்கணும், ஒருத்தன் கால் தடுக்கினாலும் இன்னொருத்தன் பாதம் போயிடும். அதனால அவர் குரல் குடுக்காம யாரும் தூக்கக் கூடாது. பாதி தெலுங்கு, பாதி தமிழ்ல குரல் வரும். எங்க கேங்ல ரெண்டு பாஷைக்காரங்களும் இருந்தாங்க, யாருக்கும் புரியாமப் போனதில்ல.

மொரப்பூர்ல சின்ன வண்டியில இருந்து பெரிய வண்டிக்கு மூட்டை மாத்தறது தனி வேலையாம். புளி, கேவுரு, கடலைக்காய், எல்லாம் முதுகு மாறித்தான் போகணும். கேஜ் வேறயா இருந்தா வண்டி நேராப் போக முடியாது. அந்தக் கூலியும் நேரமும்தான் பாதையைத் தின்னுச்சு, 1930கள்ல பஸ்ஸும் லாரியும் வந்ததும் சரக்கு ரோட்டுக்கு எறங்கிடுச்சும்பார். எனக்கும் அதுதான் சரின்னு படுது. பாதை வேண்டாம்னு ஜனங்க விட்டதில்ல. போட்டப்பவே பெரிய பாதையோட சேராத மாதிரி போட்டாங்க, அங்கயே குறை ஆரம்பிச்சுடுச்சு.

பாக்கியை அப்புறம் எழுதறேன், கண்ணு வலிக்குது.

பழையபேட்டை வாசி

ஐயா, படிச்சு முடிச்சப்போ மனசு நெறஞ்சுடுச்சு. நான் கிருஷ்ணகிரி. திருப்பத்தூர்ல இருந்து எங்க ஊருக்கு வந்த பாதையும் இதே மாதிரி 1940களோட தொடக்கத்துலயே போயிடுச்சு, அதுக்கப்புறம் வரவே இல்ல. 2004ல தனி மாவட்டம் ஆகிட்டோம், ஆனா மாவட்டத் தலைநகருக்கு இன்னும் ரயில் நிலையம் இல்ல. ரயில் ஏறணும்னா ஓசூர், தர்மபுரி, ஜோலார்பேட்டை, குப்பம்னு ஓடறோம். மாங்காய் சீசன்ல இங்க ரோட்டுல நிக்கிற லாரி வரிசையைப் பாக்கறப்போ எல்லாம், அந்தப் பாதை இருந்திருந்தாங்கற நெனப்பு வரும். எங்க தாத்தா அதுல போயிருக்கார். வண்டி மெதுவாப் போறப்போ எறங்கிக் கூட நடப்பாங்களாம்.

தண்டவாளத்தை யுத்தத்துக்குக் கொண்டு போனாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, உங்க மேஸ்திரி அதைக் கண்ணால பாத்தாரா?

ஓய்வு கீமேன், தர்மபுரி

பாத்தது மட்டுமில்ல, அந்த வேலையையே செஞ்சார். இந்தியா முழுக்கவே அப்போ பல கிளைப் பாதைகளை ரெண்டாம் உலக யுத்தத் தேவைக்குன்னு புடுங்கினாங்க. நம்ம பாதைக்கு ஓசூர் கோடியில வேற ரயில் கிடையாது, வெளிய போற வழி மொரப்பூர் ஒண்ணுதான். அதனால கோடியில இருந்து புடுங்கிட்டே பின்னால வரணும். புடுங்கின தண்டவாளத்தை ஏத்திட்டு வண்டி மொரப்பூருக்குப் போகும், திரும்பி வரும்போது பாதை இன்னும் குட்டையாயிருக்கும். அந்த வண்டி, தான் ஓடற பாதையைத் தானே சுமந்துட்டுப் போச்சு. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். நல்லா இருந்த ஆணியைக் கழட்டறது, கழண்டதை முடுக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. முடுக்கறதுதான் எங்க தொழில்.

எனக்கும் அது ஒரு தடவை நடந்துச்சு. 1990கள்ல எங்க மீட்டர் கேஜை அகலப் பாதையா மாத்தினாங்க. நல்லதுதான், நான் அதுக்கு எதிரா பேச மாட்டேன். ஆனா நான் வருஷக்கணக்கா தினம் நடந்த பீட் அது, எனக்குன்னு ஒதுக்கின பாதைத் துண்டு. கீமேன் வேலைன்னா என்னன்னு நிறைய பேருக்குத் தெரியாது. விடியக்காலையில சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, டெட்டனேட்டர் (தண்டவாளத்து மேல வெச்சா, சக்கரம் ஏறும்போது வெடிச்சு டிரைவரை எச்சரிக்கும்) எடுத்துட்டு, பீட் முழுக்க நடந்து போகணும், திரும்பி வரணும். போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது அடுத்தது. கீன்னா தண்டவாளத்தை அடியில இருக்கற ஸ்லீப்பர் கட்டையோட இறுக்கற ஆப்பு, கழண்டதை அடிச்சு உக்கார வைக்கணும். சத்தம் கேட்டாலே தெரியும், உக்காந்த கீ கணீர்னு கேக்கும், லூசா இருந்தா பொத்துனு கேக்கும். கோடைக்கு முன்னாடி, ரெண்டு தண்டவாளத்தை இணைக்கற ஃபிஷ் பிளேட்டைக் கழட்டி கிரீஸ் போடணும், இல்லன்னா வெயில்ல தண்டவாளம் நீள எடம் இல்லாம நெளிஞ்சுடும்.

எங்க பக்கத்துல பயம்னா தொப்பூர் மலைதான். தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கரி இன்ஜின் சக்கரம் வழுக்காம இருக்க மணல் விட்டுக்கிட்டு ஏறும், கீழ நின்னா பெட்டியில இருக்கறவங்க முகம் தெரியற அளவுக்கு மெதுவா. ஐப்பசி, கார்த்திகை மழையில ராத்திரி ரோந்து போவோம். பாறை உருண்டு பாதையில கெடந்தா என்ன செய்யணும்னு மேஸ்திரி எனக்குப் பாடம் மாதிரி சொல்லிக் குடுத்தார். மொதல்ல ஓடு. பாறையைத் தள்ளப் பாக்காத. 400 மீட்டர்ல ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டர்ல பத்துப் பத்து மீட்டர் விட்டு மூணு. அகலப் பாதைக்கு 600, 1200. எந்தப் பக்கம் வண்டி வரப் போகுதோ அந்தப் பக்கம் மொதல்ல. எனக்கும் அப்படி ஒரு ராத்திரி வந்துச்சு. இடி இடிச்சுட்டிருந்துச்சு, விளக்கு அணைஞ்சுடுச்சு. இருட்டுல ஸ்லீப்பரை எண்ணிட்டே ஓடினேன், தூரம் அளக்க வேற வழியில்ல. வண்டி மூணாவது வெடிக்கு நின்னுச்சு. டிரைவர் எறங்கி வந்து என் கையைப் புடிச்சுட்டு ஒண்ணும் பேசல. 2021 நவம்பர்ல அதே தொப்பூர் – சிவாடி நடுவுல பாறை விழுந்து கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டப்போ டிவியில பாத்துட்டு எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்ல.

நில அளவை மணி

செல்வி அவர்களுக்கு, நான் அளவைத் துறையில் வேலை செய்கிறேன், நிலம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில். தமிழக அரசின் இணையச் சேவையில் உங்கள் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நான்கையும் பார்க்கலாம். முதலில் புலப்படத்தைப் பாருங்கள். ரயில் பாதைக்காக எடுத்த நிலம் என்றால், வயல்களுக்கு நடுவே ஒரே அகலத்தில் நாடா போல ஒரு தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ ஓடும். பக்கத்து சர்வே எண்களின் புலப்படத்திலும் அது விட்டுப் போகாமல் தொடரும். அந்த எண்ணுக்கு அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். புறம்போக்கு என்றிருந்தால் அண்ணனை இப்போதே நிறுத்துங்கள். பட்டா என்றிருந்தால் யார் பெயரில், எப்போது வந்தது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் யு.டி.ஆர். (நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம்) காலத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அது 1979க்கும் 1987க்கும் நடுவில் நடந்தது, பல மாற்றங்கள் அப்போதுதான் ஏறின.

இன்னொன்று. மொரப்பூர் – தர்மபுரி புதிய அகலப் பாதைத் திட்டம், 36 கிலோமீட்டர், 2016-17ல் ஒப்புதல் ஆனது. உங்கள் எண் அந்த நில எடுப்பில் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய தடத்திலேயே புதுப் பாதை வரும் என்று நினைக்க வேண்டாம்.

மேட்டுக்காட்டு செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா இதே வேலைதான். புலப்படத்துல மேடு தனி நாடாவாத்தான் இருக்கு, நாலு சர்வே எண் தாண்டியும் போகுது. எங்க பட்டாவுல அது வரல. அ-பதிவேட்டுல புறம்போக்குன்னு இருக்கு. அண்ணன்கிட்ட காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "கல்லையாவது எடுத்துக்கலாமா"ன்னு கேட்டுச்சு.

தாத்தா, நீங்க சொன்ன மாதிரி வேலிக்காத்தானை வெட்டிட்டுப் பாத்தேன். தளக்கல் நாலு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு குழி, ஒண்ணுல இரும்புத் துண்டு துருப்புடிச்சு இன்னும் உள்ளயே இருக்கு. ரெண்டு பக்கமும் மண் எடுத்த குழியும் இருக்கு, நாங்க அதைத்தான் பன்னிக்குட்டைன்னு சொல்லிட்டிருந்தோம். கட்டு சுண்ணாம்புக் காரை, இன்னும் கெட்டியா இருக்கு. சல்லி கொஞ்சம்தான் வந்துச்சு.

கல்லை எடுத்தா என்ன ஆகும்? அண்ணனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஓய்வு கீமேன், தர்மபுரி

அப்ப சந்தேகமே இல்ல கண்ணு, சின்னப் பாதைதான். சல்லியை ஊர்க்காரங்க வீட்டுக்கும் ரோட்டுக்கும் அள்ளியிருப்பாங்க, அது எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். அந்த இரும்புத் துண்டை நோண்டி எடுக்காத, கல்லு விட்டுடும்.

மொதல்ல, புறம்போக்குக் கல்லை எடுக்கறது தப்பு, அது ஒரு பக்கம் இருக்கட்டும். அண்ணனுக்கு அவர் வெள்ளாமை பக்கமே சொல்லு. மேட்டுக்கு மேல்பக்கத்துல பேயற மழைத் தண்ணி முழுக்க மேட்டுல முட்டி, மண் எடுத்த குழி வழியா ஓடி, அந்தக் கல்லுக் கட்டு வழியாத்தான் உங்க பக்கம் வருது. நூறு வருஷத்துக்கு மேல அதுக்குப் பழகின ஓடை. கல்லை எடுத்தா ரெண்டு மழையில கரை சரிஞ்சு வாயை அடைச்சுடும், மேல்காட்டுக்காரனுக்குத் தண்ணி நிக்கும், அவன் சண்டைக்கு வருவான். மேட்டையே நிரவினா, ஒரு வாயில வந்த தண்ணி தோட்டம் முழுக்கப் பரவி வரும். குச்சிக்கிழங்குக்குத் தண்ணி நின்னா கிழங்கு அழுகிடும், மேல்மண்ணும் போயிடும். அந்த வாய் எவ்வளவு அகலம் வேணும்னு அன்னைக்கு ஓடையைப் பாத்து, மழையைக் கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. அண்ணன் செய்ய வேண்டியது ஒண்ணுதான், ஓடையில அடைஞ்சிருக்கற மண்ணைக் கோடைக்குள்ள கையால தூர் வாரி விடச் சொல்லு, கட்டுக்கு ரெண்டு அடி தள்ளி. ஜேசிபி பல்லு கட்டு மேல படக் கூடாது.

தளக்கல்லையும் குழியையும் பக்கத்துல ஒரு டேப்பை வெச்சு போட்டோ எடுத்து இங்க போடு. கல்லுல ஏதாவது எழுத்தோ எண்ணோ வெட்டியிருக்கான்னு தண்ணி ஊத்தித் தேச்சுப் பாரு, பாலத்துக்கு எண் வெட்டறது ரயில்வே வழக்கம். எண் கெடைச்சா சொல்லு, அடுத்த கட்டு எந்தப் பக்கம் தேடணும்னு நான் சொல்றேன்.